வேலைக்குப் போகும் பெண்களும் மாதவிலக்கும்

மம்பாவ் வட்டாரத் தோட்டங்களில் வாழும் தாய்மார்களே, இளம் பெண்களே, இன்று நாம் பேசப் போவது மாதவிலக்கைப் பற்றி. இதைக் கேட்டதும் வானொலிப் பெட்டியின் பக்கத்தில் இருக்கும் ஆண்கள் எழுந்து வெளியே போகப் பார்ப்பார்கள். தயவு செய்து உட்காருங்கள். இந்தப் பேச்சில் பாதி உங்களுக்குத்தான்.

இந்த ஒரு விஷயத்துக்கு நம்மிடம் எத்தனை பெயர்கள்! வீட்டுக்குத் தூரம் என்கிறோம், மூன்று நாள் என்கிறோம், முடியாத நாள் என்கிறோம். காக்கா தொட்டுவிட்டது என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சமாளிக்கிறோம். மலாய்க்காரப் பெண்கள் 'டாத்தாங் பூலான்' என்பார்கள். மாதம் வந்தது என்று அதற்குப் பொருள் சொல்லலாம்; நிலவு வந்தது என்றும் சொல்லலாம், ஏனென்றால் பூலான் என்ற சொல் இரண்டையும் குறிக்கும். நம் தமிழில் திங்கள் என்பதும் அப்படித்தானே! இப்படி மறைத்துச் சொல்வதில் ஒரு குற்றமும் இல்லை. உடம்பின் காரியத்தை நாலு பேர் நடுவே உரக்கச் சொல்ல வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. ஆனால் மறைவு வேறு, வெட்கம் வேறு. மறைவு நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் மரியாதை. வெட்கமோ பிறர் நம் தலையில் ஏற்றும் சுமை. இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டதால், வேலைக்குப் போகும் பெண்களுக்கு நேரும் கஷ்டங்கள் கொஞ்சநஞ்சமல்ல.

முதலில் உடம்பில் நடப்பதைத் தெரிந்துகொள்வோம். கருப்பையின் உட்சுவரில் ஒவ்வொரு மாதமும் ஒரு மெல்லிய படலம் வளர்கிறது. கரு தங்கினால் அதற்கு மெத்தை போல உதவும் படலம் இது. கரு தங்காவிட்டால் அது கரைந்து இரத்தத்தோடு வெளியேறுகிறது. அவ்வளவுதான் மாதவிலக்கு. அது கெட்ட இரத்தமும் அல்ல, உடம்பில் சேர்ந்த அழுக்கும் அல்ல. 21 முதல் 35 நாளுக்கு ஒரு முறை வருவதும், இரண்டு முதல் ஏழு நாள் வரை நீடிப்பதும் இயல்பு. ஒரு மாதவிலக்கில் போகும் இரத்தம் பெரும்பாலும் 30 முதல் 40 மில்லிலிட்டர், அதாவது இரண்டு மூன்று மேசைக் கரண்டி அளவு. பார்வைக்கு நிறையத் தெரிகிறதே என்று பயப்பட வேண்டாம்.

வயிற்று வலி ஏன் வருகிறது? அந்தப் படலத்தை வெளியே தள்ளக் கருப்பை சுருங்கி விரிகிறது. அதற்குத் தூண்டுகோலாக உடம்பே புரோஸ்டாகிளாண்டின் என்னும் ஒரு பொருளைச் சுரக்கிறது. அது அதிகமாகச் சுரக்கும் பெண்களுக்கு வலியும் அதிகம். வாந்தி, வயிற்றுப்போக்கு, தலைசுற்றல் கூட வரலாம். ஆகையால் "எனக்கெல்லாம் ஒன்றும் தெரிந்ததில்லை, இவளுக்கு மட்டும் என்ன நடிப்பு?" என்று ஒரு மாமியார் மருமகளைக் கேட்டால், அது அறியாமையால் வரும் கேள்வி. ஒரே வயிற்றில் பிறந்த அக்காளுக்கும் தங்கைக்குமே இதில் வித்தியாசம் உண்டு.

இனித் தோட்டத்துக்கு வருவோம். விடியுமுன்பே பெரட்டு. அதன்பின் ஐந்நூறு, அறுநூறு மரங்களுக்குக் குனிந்து நிமிர்ந்து பால் வெட்ட வேண்டும். பிறகு காண்டா வாளியில் பாலைச் சுமந்து பால் கொட்டகைக்கு நடக்க வேண்டும். செம்பனைத் தோட்டமானால் உதிரிப் பழம் பொறுக்குவது, உரம் போடுவது, மருந்துத் தோம்பை முதுகில் சுமந்து மருந்து அடிப்பது. இந்த வேலைகளின் நடுவே ஒரு பெண் துணி மாற்ற எங்கே போவாள்? நிரைக்குள் கழிப்பறை ஏது, தண்ணீர்க் குழாய் ஏது? மறைவாக ஒரு புதர். அங்கே பாம்பும் பூரானும். இதற்குப் பயந்து விடியற்காலையில் வைத்த துணியோடு மத்தியானம் வரை வேலை செய்த பெண்கள் நம் பாட்டிமார்களிலும் உண்டு, அம்மாமார்களிலும் உண்டு. தொடை உரசிப் புண்ணாகி, அதன்மேல் வேர்வை பட்டு எரிய எரிய நடந்தார்கள். அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

இதிலே ஒரு வேடிக்கை பாருங்கள். மாதவிலக்கான பெண் ஊறுகாய்ச் சாடியைத் தொட்டால் கெட்டுப் போகும், துளசிச் செடி பக்கம் போனால் வாடிப் போகும் என்று லயத்தில் சொல்வார்கள். அதே பெண் அன்று காலையில் ஐந்நூறு மரத்தைத் தொட்டுவிட்டுத்தான் வருகிறாள். மரம் வாடியதா? தோட்டத்து நிர்வாகம் அந்தப் பாலை வேண்டாம் என்றதா? ஒரே அறையுள்ள லயத்து வீட்டில் ஒதுங்கி உட்கார இடமும் இல்லை. அதனால் அடுப்படி ஓரத்தில் தனித் தட்டு, தனிப் பாய். தீட்டு என்பது ஒரு காலத்தில் பெண்ணுக்கு மூன்று நாள் ஓய்வாவது கொடுத்திருக்கலாம் என்று சில பெரியவர்கள் சொல்வதுண்டு. இருக்கட்டும். தோட்டத்துக்கு வந்தபின் ஓய்வு போய்விட்டது, ஒதுக்கம் மட்டும் மிஞ்சியது.

பெரட்டில் நடப்பதையும் சொல்ல வேண்டும். ஒரு தோட்டத்தில் நாமே கேட்ட பேச்சு இது. முதல் நாள் வேலைக்கு வராத ஒரு பெண்ணைப் பார்த்து மண்டோர், "என்னம்மா, இந்த மாசமும் வயித்து வலியா? சரியா தேதி பாத்து வருதே!" என்றார். ஐம்பது பேர் சிரித்தார்கள். அந்தப் பெண் மறுமாதம் வலியோடு வேலைக்கு வந்தாள், நிரையிலேயே மயங்கி விழுந்தாள். மண்டோர் கெட்டவர் அல்ல. அவளைத் தம் மோட்டார் சைக்கிளில் ஏற்றி மருந்தகத்துக்குக் கொண்டு போனவரும் அவர்தான். அந்தச் சிரிப்பு என்ன செய்யும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, அவ்வளவே.

வெட்கமும் கூலி வெட்டும் ஒன்று சேர்ந்தால் எவ்வளவு தூரம் கொண்டு போகும் என்பதற்கு இந்தியாவில் ஒரு கொடிய உதாரணம் இருக்கிறது. மகாராஷ்டிர மாநிலத்தில் பீட் என்ற மாவட்டம். அங்கிருந்து புருஷனும் மனைவியுமாக ஒரே கூலிக் கணக்கில் கரும்பு வெட்டப் போகிறார்கள். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் குத்தகைக்காரர் அபராதம் பிடிப்பார். கரும்புக் காட்டிலும் கழிப்பறை கிடையாது. மாதவிலக்கும் வெள்ளைப்படுதலும் கூலியைக் கெடுக்கின்றன என்று பயந்து, இளவயதிலேயே கருப்பையை அறுத்து எடுத்துக்கொண்ட பெண்கள் அங்கே ஏராளம். 2019-ஆம் ஆண்டு இது செய்தியாக வெடித்தது. அரசு குழு அமைத்து 82,000-க்கும் மேற்பட்ட பெண்களை விசாரித்தபோது, 13,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கருப்பை இல்லை என்று தெரிந்தது. உறுப்பை எடுத்துவிட்டால் தொல்லை தீரும் என்று நம்பியவர்களுக்கு இடுப்பு வலியும் எலும்புத் தேய்வும் சீக்கிரமே வந்து சேர்ந்தன.

அதே 2019-இல் தமிழ்நாட்டு ஆடைத் தொழிலகங்களைப் பற்றி தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை ஒரு செய்தி வெளியிட்டது. சுமார் 100 பெண்களைப் பேட்டி கண்டார்கள். வயிற்று வலி என்று சொன்னால் ஓய்வு தருவதற்குப் பதிலாக மேற்பார்வையாளரே மாத்திரை கொடுத்து வேலைக்கு அனுப்பினாராம். மாத்திரையின் பெயரும் தெரியாது, உறையும் இல்லை. நம் பிள்ளைகள் பலர் இன்று தோட்டத்தை விட்டுச் செனவாங் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் பேருந்தில் போய் வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்லுகிறோம்: பெயர் தெரியாத மாத்திரையை யார் கொடுத்தாலும் வாங்கி விழுங்காதீர்கள். பெயரைக் கேளுங்கள், உறையைக் கேளுங்கள்.

வலி மாத்திரையே கூடாது என்பதில்லை. மெபெனாமிக் அமிலம், இபுபுரோபென் போன்றவை அந்தப் புரோஸ்டாகிளாண்டின் சுரப்பையே குறைப்பவை. பொன்ஸ்டான் என்று நாம் கேட்டு வாங்குவது இந்த வகைதான். வலி முற்றியபின் விழுங்குவதைவிட வலி தொடங்கும்போதே, சாப்பிட்டபின் எடுப்பது நல்லது. வயிற்றுப்புண், ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. அடிவயிற்றில் வெந்நீர்ப் புட்டி வைப்பதும் பலருக்குக் கேட்கும்.

விடுப்பைப் பற்றி உலகத்தில் என்ன சட்டம் இருக்கிறது? டோக்கியோ நகரப் பேருந்துகளில் நடத்துனர்களாக இருந்த பெண்கள் 1920-களின் இறுதியிலேயே மாதவிலக்கு விடுப்பு கேட்டார்கள். 1947-இல் ஜப்பான் அதைத் தொழிற்சட்டத்தில் எழுதியது. பக்கத்து நாடான இந்தோனேசியாவில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வலி இருப்பதாகத் தெரிவிக்கும் பெண் முதல் இரண்டு நாள் வேலை செய்ய வேண்டியதில்லை. இந்தியாவில் பீகார் மாநிலம் 1992-இலேயே அரசாங்க வேலையிலுள்ள பெண்களுக்கு மாதம் இரண்டு நாள் கொடுத்தது. 2023-இல் ஸ்பெயினும் சட்டம் போட்டது. ஆனால் ஜப்பானில் இத்தனை வருஷமாகச் சட்டம் இருந்தும் மிகச் சிலரே அந்த விடுப்பை எடுக்கிறார்கள். பெரும்பாலும் ஆணாக இருக்கும் மேலதிகாரியிடம் போய், இன்ன காரணம் என்று எப்படிச் சொல்வது? நமக்கும் அவர்களுக்கும் இதில் வேறுபாடு ஒன்றும் இல்லை போலிருக்கிறது!

மலேசியாவில் மாதவிலக்குக்கென்று தனி விடுப்பு 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் இல்லை. மருத்துவ விடுப்பு இருக்கிறது. வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகாதவர்களுக்கு வருஷத்தில் 14 நாள், இரண்டு முதல் ஐந்து வருஷத்துக்குள் இருப்பவர்களுக்கு 18 நாள், ஐந்து வருஷமும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 22 நாள், சம்பளத்தோடு. தாங்க முடியாத மாதவிலக்கு வலியும் மருத்துவர் பார்த்துச் சான்றிதழ் தரக்கூடிய காரணம்தான். ஒன்றை மறக்கக் கூடாது. சான்றிதழ் வாங்கியிருந்தாலும், 48 மணி நேரத்துக்குள் வேலை கொடுத்தவருக்குத் தெரிவிக்கவோ தெரிவிக்க முயலவோ செய்யாவிட்டால், அனுமதியில்லாமல் நின்றதாகவே கணக்கு. எனவே காலையிலேயே ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். "உடம்பு முடியவில்லை, மருத்துவரிடம் போகிறேன்" என்றால் போதும். அதற்கு மேல் பெரட்டில் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. மண்டோருக்கு வேண்டியது ஆள் கணக்கு. காரணம் மருத்துவருக்கும் உங்களுக்கும் உள்ளது.

கேலி எல்லை மீறினால், அதாவது உடம்பைப் பற்றி ஆபாசமாகப் பேசினால், புகார் கொடுக்க வழி உண்டு. பாலியல் தொல்லைக்கு எதிரான சட்டம் 2022-இல் நிறைவேறியது. பாலியல் தொல்லை பற்றிய அறிவிப்பை வேலை இடத்தில் கண்ணில் படும்படி ஒட்டி வைக்க வேண்டியதும் வேலை கொடுப்பவரின் கடமை. உங்கள் தோட்ட அலுவலகத்தில் ஒட்டியிருக்கிறதா என்று ஒரு நாள் பாருங்கள்.

இங்கே ஆண்களுக்கு ஒரு வார்த்தை. மனைவி காலையில் எழுந்திருக்கச் சிரமப்பட்டால் காரணம் கேட்டுக் குடைய வேண்டாம். வீட்டுத் தண்ணீரை நீங்கள் பிடித்து வையுங்கள், அவளுடைய வாளியை ஒரு நடை நீங்கள் சுமந்து போங்கள். கடையில் பஞ்சுப் பட்டை வாங்கி வரச் சொன்னால் வாங்கி வாருங்கள். கடைக்காரர் அதைப் பழைய நாளிதழில் சுற்றித்தான் தருவார். சுற்றட்டும், அதில் நமக்குச் சண்டை இல்லை.

பள்ளிக்கூடத்தில் நாங்கள் பார்ப்பது இன்னொன்று. ஐந்தாம் ஆறாம் வகுப்பிலேயே பல பெண் பிள்ளைகள் பெரிய மனுஷியாகிறார்கள். வீட்டில் முன்கூட்டியே ஒன்றும் சொல்லாததால், இரத்தத்தைப் பார்த்ததும் தனக்கு ஏதோ பெரிய நோய் என்று கழிப்பறையில் பூட்டிக்கொண்டு அழுத பிள்ளை உண்டு. பிறகு சடங்கு என்று பதினொரு நாள், பதினாறு நாள் வீட்டில் இருத்துகிறீர்கள். சடங்கு செய்யுங்கள், மஞ்சள் நீர் ஊற்றுங்கள், மாமன் சீரும் வரட்டும். அதைப் பள்ளி விடுமுறையில் வைத்துக்கொண்டால் என்ன? ஒன்பது வயதிலேயே தாய் பிள்ளையிடம் இதைச் சொல்லிவிடலாம். தாய்க்குக் கூச்சமாக இருந்தால் சித்தி சொல்லட்டும், அத்தை சொல்லட்டும். பிள்ளையின் பையில் ஒரு மாற்றுத் துணியும் ஒரு பஞ்சுப் பட்டையும் இருக்கட்டும். எந்த ஆசிரியையிடம் போய்ச் சொல்லலாம் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கட்டும்.

சுத்தத்தைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லி முடிக்கிறோம். பஞ்சுப் பட்டையை நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். துணி பயன்படுத்துவது தவறில்லை. பருத்தித் துணியைப் பச்சைத் தண்ணீரில் அலசி, சவர்க்காரம் போட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் காயப் போடுங்கள். மற்ற துணிக்கு அடியில், கட்டிலுக்குப் பின்னால் என்று ஒளித்துக் காய வைத்தால் ஈரம் தங்கி அரிப்பும் புண்ணும் வரும். பார்ப்பார்களே என்று கூச்சமாக இருந்தால், மேலே ஒரு மெல்லிய துணியைப் போட்டு வெயிலிலேயே காய வையுங்கள். அந்த நாட்களில் தினமும் குளிக்கலாம், தலைக்கும் ஊற்றலாம்.

மருந்து அடிக்கும் பெண்கள் துணி மாற்றுமுன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவது மிக முக்கியம். பராகுவாட் என்ற கொடிய களைக்கொல்லி நம் நாட்டில் 2020-இல் தடை செய்யப்பட்டது. மற்ற மருந்துகள் இருக்கத்தான் செய்கின்றன. மருந்து பட்ட கையால் துணியைத் தொட்டால், அது உடம்பின் மிக மெல்லிய தோலில் போய்ப் படும். ஆகையால் குடிக்கும் தண்ணீர் தவிர, கை கழுவ ஒரு புட்டித் தண்ணீர் தனியாகக் கொண்டு போங்கள். மருந்து கலக்கும் தண்ணீரில் கழுவ வேண்டாம்.

பட்டை ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் நனைந்து போனாலும், ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலும், பெரிய கட்டிகளாகப் போனாலும், கண் இமையின் உட்புறம் வெளுத்து மூச்சு வாங்கினாலும் அரசாங்க மருந்தகத்துக்குப் போங்கள். இரத்தச் சோகையாக இருக்கலாம், கருப்பையில் கட்டியாக இருக்கலாம். மாதாமாதம் வலி கூடிக்கொண்டே போனால் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோயாகவும் இருக்கலாம். பத்துப் பெண்களில் ஒருவருக்கு அது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குடிமக்களுக்கு மருந்தகத்தில் ஒரு வெள்ளிதான் கட்டணம். கடைசியாக வந்த தேதியைக் கேட்பார்கள், அதை நாள்காட்டியில் ஒரு சின்னப் புள்ளி வைத்துக் குறித்துக்கொண்டு போங்கள். பெண் மருத்துவர் வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே தாதியிடம் கேளுங்கள்.