அன்லி ரைஸ், புளி சூப், மூங்கில் புட்டு... தரமணிப் பசிக்கு ஒரு பிலிப்பைன்ஸ் பந்தி!

மதியம் ஒரு மணிக்கு தரமணியில ஐ.டி பார்க் கேட்டைத் தாண்டி வெளியே வர்ற யாரும் பெருசா எதுவும் எதிர்பார்க்கிறதில்லை. விலை கையைக் கடிக்கக் கூடாது, வயிறு நிறையணும். அதனாலதான் ‘சோறு எத்தனை தடவை வேணும்னாலும் கேட்டு வாங்கிக்கலாம்’னு சொல்ற மெஸ்ஸுக்கு இன்னிக்கும் மவுசு குறையலை.

இதே வியாபார மந்திரத்தை வெச்சு ஒரு நாட்டையே மடக்கிப் போட்ட ஹோட்டல் ஒண்ணு இருக்கு. நாடு பிலிப்பைன்ஸ். ஹோட்டல் பேரு ‘மாங் இனாசல்’. 2003-ல் இலோஇலோ நகரத்துல ஆரம்பிச்சது. கரி அடுப்புல வாட்டின கோழி, கூடவே சோறு. அந்தச் சோறு தீரத் தீர பாத்திரத்தோட வந்து போட்டுக்கிட்டே இருப்பாங்க. இதுக்கு அங்க ‘அன்லி ரைஸ்’னு பேரு. அன்லிமிடெட்டைச் சுருக்கினா அன்லி. 2010-ல் அந்த நாட்டோட மிகப் பெரிய ஃபாஸ்ட்ஃபுட் நிறுவனமான ஜாலிபீ, மாங் இனாசலின் பெரும்பங்கை வாங்கிடுச்சு. பர்கர் விக்கிற கம்பெனியே சோத்துக்கு முன்னாடி இறங்கி வந்த கதை இது.

பிலிப்பைன்ஸ் சாப்பாட்டைப் பத்தி தரமணியில உட்கார்ந்து ஏன் பேசணும்னு கேட்கிறீங்களா? காரணம் உங்க ஆபீஸ் பக்கத்துத் தெருவுலயே இருக்கு. தரமணியில இருக்கிற எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தாண்டித்தான் பல பேர் தினமும் போறீங்க. 1988-ல் அதைத் தொடங்குறதுக்கு முன்னாடி சுவாமிநாதன் இருந்தது பிலிப்பைன்ஸ்ல. லாஸ் பான்யோஸ்ங்கிற ஊர்ல இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 1982-ல் இருந்து 1988 வரை அவர்தான் தலைமை இயக்குநர். ஐ.ஆர்.8, ஐ.ஆர்.20-ன்னு நம்ம ஊர் வயலுக்கு வந்த ரகங்கள் பிறந்தது அந்த நிறுவனத்துலதான். பேர்ல இருக்கிற ‘ஐ.ஆர்’ அந்த நிறுவனத்தோட பேரோட சுருக்கம். பாட்டி இட்லிக்கு ஊற வெச்ச ஐ.ஆர்.20 அரிசிக்கும் மணிலாவுக்கும் அப்படி ஒரு சொந்தம்.

சோறுன்னா அவங்களுக்கும் நமக்கு மாதிரிதான். நாம நெல், அரிசி, சோறுன்னு மூணாப் பிரிச்சுச் சொல்றோம் இல்லையா... டகாலோக் மொழியில அது பலாய், பிகாஸ், கானின். பழைய சோத்துக்குத் தனிப் பேரு, பாஹவ். பானை அடியில ஒட்டிக் காந்தின சோத்துக்கும் தனிப் பேரு, தூத்தோங். சோத்தைத் தவிர தட்டுல இருக்கிற மத்த எல்லாமே ‘உலாம்’. கோழியா இருந்தாலும் மீனா இருந்தாலும் அது சோத்துக்குத் ‘தொட்டுக்க’ மட்டும்தான். நம்ம வீட்டுல ‘இன்னிக்குத் தொட்டுக்க என்ன?’ன்னு கேட்கிற அதே மனசு.

விரலை நீட்டு, தட்டு நிறையும்

மாங் இனாசல் மாதிரி செயின் கடைகளை விடுங்க. அங்க சாதாரண ஜனம் சாப்பிடுறது ‘காரிந்தேர்யா’வுல. தெருவோர மெஸ்னு வெச்சுக்கலாம். கண்ணாடிக்குப் பின்னாடி பத்துப் பதினஞ்சு பாத்திரம் வரிசையா இருக்கும். மெனு கார்டு தேவையில்லை. வேணுங்கிறதை விரலால காட்டினா தட்டுல போட்டுத் தருவாங்க. அதனால இதுக்கு ‘தூரோ-தூரோ’ன்னும் பேரு. ‘சுட்டு-சுட்டு’ன்னு அர்த்தம். மொழி தெரியாத ஊர்ல பசியோட நிக்கிறவனுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எதுவும் இல்லை.

குறைஞ்ச காசுல எப்படி இவ்வளவு தர முடியுது? கணக்கு ரொம்ப சிம்பிள். கறி விலை அதிகம், சோறு விலை குறைவு. அதனால கறியைக் கொஞ்சமா வெச்சு, அதைப் புளிப்பும் உப்புமா நல்லா அழுத்தமாச் சமைப்பாங்க. ரெண்டு துண்டு கோழி, நாலு ஸ்பூன் குழம்பு இருந்தா ரெண்டு தட்டு சோறு இறங்கிடும். ஒரு துண்டு கருவாட்டை வெச்சுக்கிட்டு ஒரு சட்டி பழைய சோத்தைக் காலி பண்ற டெக்னிக்தான் இது. பல கடைகள்ல சூப் இலவசம். காசு கம்மின்னா ஒரு உலாமைப் பாதி அளவு கேட்டும் வாங்கலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டாங்க. மேஜை மேல வினிகர், சோயா சாஸ், மிளகாய், கலமன்சிங்கிற குட்டி எலுமிச்சை எல்லாம் இருக்கும். கலந்து உங்க நாக்குக்கு ஏத்த மாதிரி ஒரு தொக்கைத் தயார் பண்ணிக்க வேண்டியதுதான்.

காலையில போனா ‘சிலோக்’ கிடைக்கும். பூண்டு போட்டு வறுத்த சோறு சினங்காக், முட்டை இட்லோக். ரெண்டையும் ஒட்ட வெச்சா சிலோக். முன்னாடி என்ன கறி சேர்க்கிறீங்களோ அதுக்கேத்த மாதிரி பேர் நீளும். மாட்டிறைச்சி தாப்பா சேர்ந்தா தாப்சிலோக், லோங்கனீசா சாசேஜ் சேர்ந்தா லோங்சிலோக். நம்ம ஊர் ஆளுங்க ‘சிக்கன் கொத்து’, ‘முட்டை லாப்பா’ன்னு விளையாடுறதுக்கு அங்க போட்டியே இருக்கு!

கறியில் இருந்து வந்த காரே-காரே?

இனி கொஞ்சம் வரலாறு. 1762-ல் இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும் சண்டை. அப்போ மணிலா ஸ்பெயின் கையில இருந்துச்சு. அதைப் பிடிக்க பிரிட்டிஷ் கப்பல் படை கிளம்பினது எங்க இருந்து தெரியுமா? நம்ம மெட்ராஸ்ல இருந்து. அதுல ஆங்கிலேயச் சிப்பாய்களோட இங்க திரட்டின இந்தியச் சிப்பாய்களும் இருந்தாங்க. அக்டோபர் 6-ம் தேதி மணிலா விழுந்தது. 1764-ல் பிரிட்டிஷ்காரங்க ஊரைத் திருப்பிக் கொடுத்துட்டுக் கப்பல் ஏறினப்போ, சிப்பாய்கள்ல சிலர் ஏறவே இல்லை. மணிலாவுக்குக் கிழக்கே கைன்டாங்கிற ஊர்ப் பக்கம் கல்யாணம் பண்ணிக் குடியேறிட்டாங்க. அவங்க வம்சாவளின்னு சொல்லிக்கிற குடும்பங்கள் இன்னிக்கும் அங்க உண்டு.

அந்த நாட்டோட விருந்துச் சாப்பாடு ஒண்ணு இருக்கு, பேரு காரே-காரே. மாட்டு வாலை மணிக்கணக்கா வேக வெச்சு, வறுத்து அரைச்ச வேர்க்கடலையும் அரிசியும் சேர்த்துக் கெட்டியாக்கின குழம்பு. உள்ளே கத்தரிக்காய், காராமணி, வாழைப்பூ. அந்தச் சிப்பாய்கள் ஊர் ஞாபகத்துல கிடைச்சதை வெச்சுக் கிண்டின ‘கறி’தான் காரே-காரேன்னு ஒரு கதை ரொம்பப் பிரபலம். இல்லை, இது பம்பங்கா மாகாணத்துச் சமையல்னு அடிச்சுச் சொல்றவங்களும் இருக்காங்க. காரிந்தேர்யாங்கிற சொல்லே ‘கறி’யில இருந்து வந்ததுன்னும் ஒரு விளக்கம் உண்டு. என்னைக் கேட்டா, வாழைப்பூவும் வேர்க்கடலையும் ஒரே சட்டியில கிடக்கிறதைப் பார்த்த பிறகு நம்ம ஊர் ஆளை முழுசா சந்தேகப்படாம இருக்க முடியலை. ஆனா ஒண்ணு, மசாலா வாசனை இருக்கும்னு எதிர்பார்த்துப் போகாதீங்க. காரமும் கிடையாது. உப்புக்குப் பக்கத்துல பகோங்னு ஒரு இறால் விழுது வைப்பாங்க, அதைத் தொட்டுத் தொட்டுத்தான் சாப்பிடணும்.

சொல் விஷயத்துல சந்தேகமே இல்லாத ஒண்ணு மாம்பழம். டகாலோக்ல ‘மங்கா’. நம்ம மாங்காய் மலாய் வழியாப் போய் அங்க இறங்கினது. அப்புறம் பூத்தோ. அரிசி மாவை ஆவியில வேக வெச்சது, பேரைக் கேட்டாலே புட்டு ஞாபகம் வரும். அதுல பூத்தோ பும்போங்னு ஒரு வகை, மூங்கில் குழாய்ல வெச்சு அவிச்சு, வெண்ணெய், தேங்காய்த் துருவல், சர்க்கரை போட்டுத் தருவாங்க. டிசம்பர் 16-ல் இருந்து கிறிஸ்துமஸ் வரைக்கும் விடியற்காலைப் பூசை நடக்கும். அது முடிஞ்சு வெளியே வர்ற ஜனத்துக்காக சர்ச் வாசல்ல சூடா விப்பாங்க. நம்ம மார்கழிப் பொங்கலுக்குக் கோயில் வாசல்ல கை நீட்டி நிக்கிற அதே குளிர், அதே வரிசை.

முதல்முறை சாப்பிடுறவங்களுக்கு என் ஓட்டு சினிகாங்குக்குத்தான். புளி சூப்புங்க அது. இறாலோ மீனோ பன்றியோ போட்டு, முள்ளங்கி, வெண்டைக்காய், கீரை, நீளப் பச்சை மிளகாய் சேர்த்துக் கொதிக்க விடுவாங்க. புளிக்குப் பதிலா கொய்யா போட்டும் செய்றது உண்டு. தாளிப்பு இல்லாத ரசம்னு நினைச்சுக்கிட்டுச் சோத்துல ஊத்திப் பிசைங்க, அஞ்சு நிமிஷத்துல சொந்த வீட்டுல இருக்கிற மாதிரி ஆகிடும். ஸ்பூனும் ஃபோர்க்கும் அங்க வழக்கம்னாலும், கையால சாப்பிடுறதுக்கு ‘கமாயான்’னு மரியாதையான பேரே இருக்கு. வாழையிலையை நீளமா விரிச்சு, நடுவுல சோத்தைக் குவிச்சு, எல்லாரும் சுத்தி நின்னு கையால அள்ளிச் சாப்பிடுற விருந்தும் உண்டு. ராணுவ முகாம்ல ஆரம்பிச்ச பழக்கம் அது.

சைவக்காரங்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. காய்கறிக் கூட்டு மாதிரி தெரியற பினாக்பெட்ல கூட இறால் விழுது இருக்கும். ‘கறி இல்லை’ன்னு கடைக்காரர் சொன்னாலும் மீன் சாஸைப் பத்தித் தனியாக் கேட்டுக்கோங்க. நிம்மதியாச் சாப்பிட இனிப்புப் பக்கம் ஒதுங்கிடலாம். வாழைப்பழத்தை மெல்லிய மாவுத் தாள்ல சுருட்டிச் சர்க்கரையோட பொரிச்ச தூரோன், சர்க்கரைப்பாகு ஊத்தின மெத்து மெத்து டோஃபுவான தாஹோ, ஐஸைச் சீவிப் போட்ட ஹாலோ-ஹாலோ. கடைசியா சொன்னது கிட்டத்தட்ட ஜிகர்தண்டாவோட தூரத்து மாமன் பொண்ணு. பன்றி சாப்பிடாதவங்க ‘வாலாங் பாபோய்?’னு கேட்கணும். சோறு இன்னும் வேணும்னா ‘இசாங் கானின் பா’. வயிறு முட்டிருச்சுன்னா ‘புசோக் நா அகோ’.

வயிறு நிறையுது, சர்க்கரை?

2017-ல் அந்த நாட்டு செனட்டர் சிந்தியா வில்லார், அன்லி ரைஸ் உடம்புக்கு ஆகாது, சர்க்கரை நோயைக் கொண்டு வரும்னு பேசினார். அவ்வளவுதான், சோஷியல் மீடியாவுல ஊரே கொதிச்சுடுச்சு. தடை எதுவும் கொண்டு வரப் போறதில்லைன்னு அவர் விளக்கம் கொடுக்க வேண்டியதாப் போச்சு. அவர் சொன்னதுல மருத்துவ ரீதியாத் தப்பு இல்லை. வெள்ளைச் சோறு அதிகமானா ரத்தச் சர்க்கரை ஏறும், நாள் முழுக்க நாற்காலியில உட்கார்ந்து வேலை பார்க்கிற நமக்கு இன்னும் வேகமா ஏறும். ஆனா கோபப்பட்டவங்க பக்கமும் நியாயம் இருக்கு. கறிக்குக் காசு இல்லாதவன் சோத்தைத்தான் கூடுதலாக் கேட்பான். மூட்டை தூக்கிட்டு வர்ற ஆளும், ஏசியில உட்கார்ந்து எழுந்து வர்ற ஆளும் ஒரே தட்டுல சாப்பிட்டாலும் ரெண்டு பேர் உடம்பும் ஒண்ணு இல்லை. நீங்க ரெண்டாவது வகைன்னா இரண்டாம் தடவைச் சோத்துக்குப் பதிலா சினிகாங்ல இருக்கிற காய்கறியை இன்னொரு கரண்டி வாங்கிக்கலாம்.

எங்க சாப்பிடலாம்? ஆன்சைட்னு சிங்கப்பூர் போறவங்க ஆர்ச்சர்ட் ரோடு லக்கி பிளாசாவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போங்க. வீட்டு வேலை பார்க்கிற பிலிப்பைன்ஸ் பெண்கள் லீவு நாள்ல கூடுற இடம், மலிவான அவங்க ஊர்க் கடைகள் அங்கதான். துபாய்ல இருக்கிற சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா சத்வா, கராமா பக்கம். டாவோவுல மருத்துவம் படிக்கிற தமிழ்ப் பசங்க யாராவது உங்க நண்பர்கள் பட்டியல்ல இருந்தா, எது நல்ல காரிந்தேர்யான்னு அவங்களை விட்டா வேற யாருக்குத் தெரியும்?

அதுவரைக்கும் தரமணி பி.ஜி ரூம்ல, ஒரே ஒரு இண்டக்‌ஷன் அடுப்புல அடோபோ செய்யலாம். பேரு ஸ்பானிஷ்காரங்க வெச்சது, சமையல் அவங்களுக்கு முன்னாடியே இருந்தது. 1613-ல் வந்த ஒரு டகாலோக்-ஸ்பானிஷ் அகராதியிலேயே ‘உள்ளூர்க்காரங்க அடோபோ’ன்னு பதிவு இருக்கு. நாலு பேருக்கு ஒரு கிலோ கோழி போதும். அரை கப் வினிகர், அரை கப் லைட் சோயா சாஸ், ஒரு முழுப் பூண்டைத் தட்டிப் போட்டது, ஒரு ஸ்பூன் மிளகு, மூணு பிரிஞ்சி இலை, ஒரு கப் தண்ணி. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு அடுப்புல வெச்சிடுங்க. கொதி வந்து பத்து நிமிஷம் ஆகிற வரைக்கும் மூடவும் கூடாது, கிளறவும் கூடாது, வினிகரோட பச்சை நெடி போகணும்ங்கிறது அந்த ஊர்ப் பாட்டிகளோட சட்டம். அப்புறம் தீயைக் குறைச்சு, கோழி வெந்து குழம்பு சுண்டுற வரை அரை மணி நேரம் விடுங்க. சோயாவுலயே உப்பு இருக்கிறதால ருசி பார்க்காம உப்பு போடாதீங்க.

ராத்திரி மிச்சமானா ஃபிரிட்ஜ்ல வைங்க. வினிகர் ஊற ஊற மறுநாள் இன்னும் நல்லா இருக்கும். காலையில மீந்த சோத்தை உதிர்த்து, எண்ணெயில பூண்டைச் சிவக்க வதக்கிப் புரட்டுங்க. மேல ஒரு ஆஃப்பாயில், பக்கத்துல நேத்தைய அடோபோ. அதுக்குப் பேரு அடோசிலோக்.