தாம்பரத்தில் வீடு, ஸ்ரீபெரும்புதூரில் வேலை... தினமும் 60 கி.மீ. ஓட செகண்ட் ஹேண்ட் எலெக்ட்ரிக் கார் சரிப்பட்டு வருமா?

தாம்பரம், சேலையூர், முடிச்சூர், பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரி என சென்னையின் தெற்குப் புறநகரில் குடியிருக்கும் பலருக்கு வேலை ஒரகடத்திலோ, ஸ்ரீபெரும்புதூரிலோ, சிறுசேரியிலோ இருக்கிறது. தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கும் செங்கல்பட்டுக்கும் மின்சார ரயில் உண்டு. ஒரகடத்துக்கும் சிறுசேரிக்கும் கிடையாது. கம்பெனி பஸ் இல்லாதவர்களுக்கு பைக் அல்லது கார்தான் வழி.

தாம்பரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் சுமார் 30 கி.மீ. போய்வர 60 கி.மீ. மாதம் 25 நாள் வேலை என்றால் 1,500 கி.மீ. பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கி.மீ. கொடுத்தாலும் மாதம் 100 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே 10 ஆயிரம் ரூபாய் காலி. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள்தான் இப்போது பழைய எலெக்ட்ரிக் கார் பக்கம் திரும்புகிறார்கள்.

புது கார் விலை கட்டுப்படியாகாது. 3, 4 வருஷம் ஓடிய கார் ஓரளவு கைக்கு எட்டும். ஆனால் அதை நம்பி தினமும் இவ்வளவு தூரம் போகலாமா? முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை இங்கே.

கம்பெனி சொன்ன ரேஞ்ச் வேறு, ரோட்டில் கிடைப்பது வேறு

டாடா நெக்ஸான் இவி 2020 ஜனவரியில் அறிமுகமானபோது, அதன் பேட்டரி 30.2 கிலோவாட் ஹவர். சான்றளிக்கப்பட்ட ரேஞ்ச் 312 கி.மீ. 2022-ல் வந்த டியாகோ இவி-யின் பெரிய பேட்டரி 24 கிலோவாட் ஹவர். ரேஞ்ச் 315 கி.மீ. இவை ஆய்வகச் சோதனையில் கிடைத்த எண்கள். ஏசி போட்டு, ஆள் ஏற்றி, ரோட்டில் ஓட்டும்போது இதில் சுமார் 60 சதவீதம் கிடைத்தாலே நல்லது.

எனவே விளம்பர ரேஞ்சை மறந்துவிட்டு, பேட்டரி அளவை வைத்துக் கணக்கு போடுங்கள். ஒரு கிலோவாட் ஹவர் என்பது ஒரு யூனிட் மின்சாரம். ஒரு யூனிட்டுக்கு 6.5 கி.மீ. ஓடும், பழைய பேட்டரியில் 90 சதவீத திறன் மிச்சம் இருக்கிறது, அவசரத்துக்கு 20 சதவீத சார்ஜை தொடாமல் வைக்கிறோம் என்று எடுத்துக்கொள்வோம்.

* 24 கிலோவாட் ஹவர் பேட்டரி: நம்பிப் போகக்கூடிய தூரம் சுமார் 112 கி.மீ.
* 30.2 கிலோவாட் ஹவர் பேட்டரி: சுமார் 141 கி.மீ.
* 40.5 கிலோவாட் ஹவர் பேட்டரி (2022 மே மாதம் வந்த நெக்ஸான் இவி மேக்ஸ்): சுமார் 190 கி.மீ.

தினமும் 60 கி.மீ. ஓடுபவருக்கு இந்த மூன்றுமே போதும். தாம்பரத்திலிருந்து காஞ்சிபுரம் வரை போய்வருபவருக்கு நாளைக்கு 110 முதல் 120 கி.மீ. ஆகும். அவருக்கு 24 கிலோவாட் ஹவர் கார் இழுபறிதான். வழியில் ஒரு வேலை வந்தால் மனசு மீட்டரிலேயே இருக்கும்.

டிராஃபிக்கில் நின்றால் சார்ஜ் தீருமா?

ஜி.எஸ்.டி. சாலையில் இரும்புலியூர், பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் மாட்டிக்கொண்டால் நேரம் போகும். ஆனால் பேட்டரி பெரிதாகத் தீராது. கார் நிற்கும்போது மோட்டார் மின்சாரம் எடுக்காது. ஏசி மட்டும்தான் எடுக்கும். வெயில் நேரத்தில் ஒரு மணி நேரம் ஏசி ஓடினால் ஒன்று முதல் ஒன்றரை யூனிட் போகலாம். அதாவது ஏழில் இருந்து பத்து கி.மீ. தூரம் குறையும். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்கே திரும்பியும் வரும்.

பேட்டரியைத் தின்பது வேகம்தான். வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் 100 கி.மீ. வேகத்தில் போனால், 60 கி.மீ. வேகத்தில் போவதைவிட சார்ஜ் மளமளவென இறங்கும். பெட்ரோல் கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது தலைகீழ் அனுபவம். உங்கள் ரூட்டில் எவ்வளவு தூரம் காலி ரோடு என்பதைப் பொறுத்து கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள்.

வீட்டில் சார்ஜ் போட இடம் இருக்கிறதா?

மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இது. 60 கி.மீ. ஓடிய காருக்கு, சார்ஜிங்கில் வீணாவதையும் சேர்த்து, சுமார் 10 யூனிட் வேண்டும். 15 ஆம்பியர் பிளக்கில் சுமார் 3 கிலோவாட் வேகத்தில் ஏறினால் நான்கு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இரவு சொருகினால் காலையில் ரெடி. தனி வீடு, தனி மீட்டர் என்றால் எலெக்ட்ரீஷியனை வைத்து எர்த்திங், ஒயர் தடிமன், எம்சிபி மூன்றையும் சரிபார்த்தால் போதும். 7.2 கிலோவாட் சார்ஜர் வைக்க நினைத்தால் மின்வாரியத்தில் லோடு கூட்ட விண்ணப்பிக்க வேண்டி வரும்.

அபார்ட்மென்ட் என்றால், கார் பார்க்கிங் வரை உங்கள் மீட்டரிலிருந்து ஒயர் இழுக்க அசோசியேஷன் சம்மதிக்குமா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேளுங்கள். வாடகை வீடு என்றால் ஹவுஸ் ஓனரிடமும் கேட்க வேண்டும். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்ற பதிலை நம்பி கார் வாங்கக் கூடாது.

வீட்டிலும் ஆபீஸிலும் வழியில்லை, பொது சார்ஜிங் நிலையம்தான் கதி என்றால்? அங்கே யூனிட்டுக்கு 20 ரூபாய் என்று வைத்தால் 1,500 கி.மீ.க்கு மாதம் 5 ஆயிரம் ரூபாய் ஆகும். பெட்ரோலைவிட குறைவுதான். ஆனால் 24 கிலோவாட் ஹவர் பேட்டரி காருக்கு இரண்டு நாளைக்கு ஒரு முறை சார்ஜருக்காகக் காத்திருக்க வேண்டும். வேலை முடிந்து களைத்து வருபவருக்கு அது பெரிய தலைவலி.

கரண்ட் பில் எவ்வளவு எகிறும்?

யூனிட் 5 ரூபாய் என்று எடுத்துக்கொண்டு கி.மீ.க்கு 80 பைசா என்று கணக்கு சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் ஸ்லாப் முறை. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மேலே போகப் போக ரேட் ஏறும். 2024 ஜூலையில் மாற்றப்பட்ட கட்டணப்படி 501-600 யூனிட்டுக்கு 8.55 ரூபாய், 601-800 யூனிட்டுக்கு 9.65 ரூபாய், 801-1,000 யூனிட்டுக்கு 10.70 ரூபாய்.

மாதம் 1,500 கி.மீ. ஓடினால் இரண்டு மாதத்துக்கு சுமார் 500 யூனிட் கூடும். ஏற்கெனவே ஏசி, ஃப்ரிட்ஜ் என்று 500 யூனிட் ஓடும் வீடு என்றால், காருக்கான 500 யூனிட்டும் மேல் ஸ்லாபில் போய் உட்காரும்.

* 100 யூனிட் × 8.55 = 855 ரூபாய்
* 200 யூனிட் × 9.65 = 1,930 ரூபாய்
* 200 யூனிட் × 10.70 = 2,140 ரூபாய்
* மொத்தம்: 4,925 ரூபாய்

500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 யூனிட் வரை கிடைத்த சலுகை ரேட்டும் போய்விடும். இதையும் சேர்த்தால் கி.மீ.க்கு சுமார் 1.70 ரூபாய். மாதம் இரண்டரை ஆயிரம். அப்படியும் பெட்ரோலுடன் ஒப்பிட்டால் மாதம் 7,500 ரூபாய், வருஷத்துக்கு 90 ஆயிரம் ரூபாய் மிச்சம். தினமும் 15 கி.மீ. மட்டும் ஓடுபவருக்கு இந்த மிச்சம் நான்கில் ஒரு பங்குதான். தூரம் அதிகம் போகிறவர்களுக்குத்தான் எலெக்ட்ரிக் காரில் லாபம்.

பேட்டரி எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்வது எப்படி?

பழைய எலெக்ட்ரிக் காரின் விலையில் பெரும்பகுதி பேட்டரிக்குத்தான். அது போனால் மாற்ற லட்சக்கணக்கில் செலவாகும். அதனால் இரண்டு சோதனை கட்டாயம்.

முதலாவது, கம்பெனி சர்வீஸ் சென்டரில் பேட்டரி ஹெல்த் ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள். புதிதாக இருந்ததில் எத்தனை சதவீத திறன் மிச்சம் என்பது அதில் தெரியும். ரிப்போர்ட் தர மறுக்கும் விற்பனையாளரிடம் பேரம் பேசவே வேண்டாம்.

இரண்டாவது, நீங்கள் தினமும் போகும் அதே ரூட்டில், அதே நேரத்தில், ஏசி போட்டு ஓட்டிப் பாருங்கள். 30 கி.மீ. ஓட்டியதில் 20 சதவீத சார்ஜ் இறங்கியது என்றால், முழு சார்ஜுக்கு 150 கி.மீ. கிடைக்கும். இந்தக் கணக்கு எந்த விளம்பரத்தைவிடவும் நம்பகமானது.

வாரண்டி முடிவதற்குள் லோன் முடியுமா?

நெக்ஸான் இவி, டியாகோ இவி போன்ற கார்களின் பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1.6 லட்சம் கி.மீ. வாரண்டி. இரண்டில் எது முந்துகிறதோ அதுவரைதான். 2021-ல் பதிவான காருக்கு 2029-ல் முடிந்துவிடும். ஏற்கெனவே 60 ஆயிரம் கி.மீ. ஓடியிருந்தால் மிச்சம் ஒரு லட்சம் கி.மீ. நீங்கள் வருஷத்துக்கு 18 ஆயிரம் கி.மீ. ஓட்டினால் ஐந்தரை வருஷம் வரும். ஆனால் அதற்கு முன்பே 8 வருஷக் கெடு வந்துவிடும்.

தூரம் ஓட ஓட பெட்ரோல் மிச்சமாகும். கூடவே வாரண்டியும் கரையும். லோன் தவணை 5 வருஷம், வாரண்டி 3 வருஷம் என்றால் கடைசி 2 வருஷம் பேட்டரி ரிஸ்க் முழுக்க உங்கள் தலையில். அதற்கேற்ப விலையைக் குறைத்துப் பேசுங்கள், அல்லது தவணைக் காலத்தைக் குறையுங்கள். வாரண்டி இரண்டாவது ஓனருக்கும் செல்லுமா, திறன் எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள், சர்வீஸ் விடுபட்டிருந்தால் வாரண்டி ரத்தாகுமா என்ற மூன்றையும் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்குங்கள். சில புது மாடல்களுக்குச் சொல்லப்படும் 'வாழ்நாள் வாரண்டி' முதல் ஓனருக்கு மட்டும்தான்.

வெள்ளத்தில் நின்ற காரா?

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் தண்ணீரில் மிதந்ததை யாரும் மறக்க முடியாது. மிக்ஜாமில் பள்ளிக்கரணையும் தப்பவில்லை. இன்று விற்பனைக்கு வரும் எலெக்ட்ரிக் கார்களில் சில அந்த வெள்ளத்தைப் பார்த்தவையாக இருக்கலாம்.

ஐபி67 தரம் உள்ள பேட்டரி என்பார்கள். ஒரு மீட்டர் ஆழ தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்பதே அதன் பொருள். இரண்டு நாள் தண்ணீரில் நின்ற காருக்கு அந்த உத்தரவாதம் பொருந்தாது. இன்சூரன்ஸ் கிளைம் விவரத்தைக் கேளுங்கள். சீட்டுக்கு அடியில் துரு, கார்பெட்டில் சேறு, ஒயர் இணைப்புகளில் பச்சை படிந்திருக்கிறதா என்று மெக்கானிக்கை வைத்துப் பாருங்கள். வாங்கிய பிறகு, தண்ணீர் புகுந்தால் பேட்டரிக்கும் இழப்பீடு கிடைக்கும் ஆட்-ஆன் எடுப்பது புறநகர்வாசிகளுக்கு நல்லது.

பேப்பரில் பார்க்க வேண்டியவை

* நம்பர் பிளேட்: சொந்த உபயோக எலெக்ட்ரிக் காருக்கு பச்சையில் வெள்ளை எழுத்து, டாக்ஸிக்கு பச்சையில் மஞ்சள் எழுத்து. டாக்ஸியாக ஓடி, பிறகு சொந்த உபயோகத்துக்கு மாற்றப்பட்ட காரா என்பதை ஆர்.சி. விவரத்தில் பாருங்கள்.
* பேட்டரி வாடகை: எம்ஜி விண்ட்சர் 2024 செப்டம்பரில் 9.99 லட்சம் ரூபாய்க்கு, கி.மீ.க்கு 3.50 ரூபாய் பேட்டரி வாடகை என்ற திட்டத்துடன் வந்தது. மாதம் 1,500 கி.மீ. ஓட்டினால் வாடகையே 5,250 ரூபாய். அப்படிப்பட்ட காரில் பேட்டரி பாக்கி யார் பெயரில் இருக்கிறது என்று தெரியாமல் கை வைக்க வேண்டாம்.
* பெயர் மாற்றம்: படிவம் 29, 30. லோன் இருந்த கார் என்றால் படிவம் 35-ம் வங்கியின் தடையில்லாச் சான்றும். வேறு மாநில கார் என்றால் படிவம் 28.
* இன்சூரன்ஸ்: 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பழைய ஓனரின் நோ கிளைம் போனஸ் உங்களுக்கு வராது.
* வரி: 2024 டிசம்பரில் நடந்த 55-வது ஜி.எஸ்.டி. கவுன்சில் கூட்டத்தின் பரிந்துரைப்படி, டீலர் விற்கும் பழைய எலெக்ட்ரிக் காருக்கு 18 சதவீத வரி. அதுவும் டீலரின் லாபத் தொகைக்கு மட்டும். தனிநபரிடம் நேரடியாக வாங்கினால் ஜி.எஸ்.டி. கிடையாது. முழு விலைக்கும் 18 சதவீதம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

யாருக்கு சரி, யாருக்கு வேண்டாம்?

வீட்டில் சார்ஜ் போட இடம் இருக்கிறது, தினமும் 50 முதல் 80 கி.மீ. ஓட்டம், ஹெல்த் ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது, வாரண்டி இன்னும் மூன்று வருஷமாவது மிச்சம் என்றால் தாராளமாக வாங்கலாம். தினமும் 100 கி.மீ.க்கு மேல் என்றால் 30 கிலோவாட் ஹவருக்குக் குறைந்த பேட்டரி காரைத் தவிர்ப்பது நல்லது.

வீட்டில் பிளக் பாயின்ட்டுக்கு வழியில்லாதவர்கள், அடிக்கடி வீடு மாறுபவர்கள், அடுத்த வருஷமே ஆபீஸ் வேறு ஊருக்கு மாறலாம் என்ற நிலையில் இருப்பவர்கள் கொஞ்சம் பொறுப்பது நல்லது. செங்கல்பட்டு பக்கமோ நகருக்குள்ளோ வேலை என்றால், சீசன் டிக்கெட்டின் விலையையும் ஒருமுறை பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அந்தக் கணக்கில் எந்தக் காரும் ஜெயிக்காது.