சுரண்டிய தூள் எங்கே போகிறது?

1986 வரை தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டத்துத் துறைமுகம். தாமிரபரணி கடலைச் சேரும் புன்னைக்காயலில் வள்ளங்கள் நிற்கும். தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றும் தோணிகள். இவற்றுக்குப் புயலைவிடப் பெரிய எதிரி தண்ணீருக்கு அடியில் இருந்தது: பலகையில் ஓட்டோடு ஒட்டி வேகத்தைக் குறைக்கும் கொட்டலசு, மரத்தையே குடைந்து தின்னும் கப்பல் புழு.

தோணியைக் கரையேற்றிப் பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியைத் திணித்துக் கலப்பத்து அடிப்பார்கள். அடிப்புறத்துக்கு மீன் எண்ணெய், குங்கிலியம், சுண்ணாம்பு. பக்கத்தில் நிற்க முடியாத நாற்றம். சில மாதங்களில் பூச்சு போய்விடும், மறுபடி பூச வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் சுரண்டி விழுந்தது என்ன? சிப்பி ஓடும் சுண்ணாம்பும் எண்ணெய்ப் பிசுக்கும். அது கடலோடு போனாலும் மீனுக்குப் பெரிய கேடில்லை.

அந்த அலுப்பைத் தீர்க்க வந்தது ரசாயனப் பெயின்ட். 1960-களில் இருந்து உலகக் கப்பல்களுக்கு ட்ரைபியூட்டைல் டின் கலந்த பூச்சு அடித்தார்கள். ஆண்டுக்கணக்கில் ஒன்றும் ஒட்டவில்லை. பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பு சரிந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. 1982-ல் அந்நாடு சிறு படகுகளுக்கு அதைத் தடை செய்தது. பெண் கடல் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைக்க, ஒரு லிட்டர் நீரில் ஒரு நானோகிராம் போதும், அதாவது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. மன்னார் வளைகுடாவில் நாம் குளிக்கும் சங்கும் நத்தை இனம்தான்.

2001-ல் இந்தப் பூச்சைத் தடை செய்யும் பன்னாட்டு ஒப்பந்தம் வந்தது, 2008-ல் நடைமுறையானது. இந்தியா 2014-ல் வணிகக் கப்பல் சட்டத்தைத் திருத்தியது. சைபியூட்ரின் என்ற இன்னொரு நஞ்சுக்கு 2023 முதல் தடை. எல்லாம் சரி. ஆனால் சான்றிதழும் உறுதிமொழியும் பன்னாட்டுப் பயணம் போகும் பெரிய கப்பல்களுக்கு, குறைந்தது 24 மீட்டர் நீளமுள்ளவற்றுக்கு. நம் விசைப்படகு அந்தக் கணக்கில் வராது. டின் போன இடத்தில் இன்று தாமிர ஆக்சைடு இருக்கிறது. அதுவும் கொல்லத்தான் பூசப்படுகிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையேறும், பழுது பார்க்கும் காலமும் அதுதான். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒருவர் கிரைண்டர் பிடிப்பார்; செங்காவித் தூள் இமையிலும் காதிலும் அப்பும், மிச்சம் மண்ணில் படியும். பெயின்ட் டப்பா ஓரமாகக் கிடக்கும். முதல் மழை எல்லாவற்றையும் கடலில் சேர்த்துவிடும். சுண்ணாம்பைச் சுரண்டிய அதே பழக்கத்தில் நஞ்சைச் சுரண்டுகிறோம். படகுக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்கு வேறு இடம் யார் கொடுத்தார்கள்?

பெயின்ட் பயன்படுத்தும் தொழில்களின் கழிவு, 2016 அபாயக் கழிவு விதிகளின் பட்டியலில் இருக்கிறது. செய்ய வேண்டியதும் பெரிய வித்தை இல்லை. நீர் கசியாத சிமென்ட் தளம், கழுவிய நீர் வடிந்து சேர ஒரு தொட்டி, தூளை உறிஞ்சும் கிரைண்டர், அடியில் தங்கும் சேற்றைப் பீப்பாயில் அடைத்து உரிமம் பெற்ற கழிவு நிலையத்துக்கு அனுப்ப ஒரு லாரி.

இப்போது அவசரம் கூடியிருக்கிறது. 2025 செப்டம்பரில் கொச்சி கப்பல் கட்டும் தளமும் மசகான் டாக் நிறுவனமும் தூத்துக்குடியில் கப்பல் கட்டும் தளம் அமைக்கத் தமிழக அரசுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன. ஒவ்வொன்றின் முதலீடும் 15,000 கோடி ரூபாய். வேலை வரட்டும், வேண்டியதுதான். ஆனால் உலர் துறையில் ஒரு கப்பலின் அடியைச் சுரண்டினால் கழிவு டன் கணக்கில் சேரும். பல நாடுகளில் மணலுக்குப் பதில் தாமிரக் கசடை வீசித்தான் சுரண்டுகிறார்கள். தாமிர உருக்காலை நடந்த ஊர் இது; தாமிரக் கசடு என்றால் என்னவென்று தூத்துக்குடிக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால் போங்கள். எத்தனை பேருக்கு வேலை என்று கேட்ட கையோடு, சுரண்டிய தூள் எந்தத் தொட்டிக்கு, எந்த லாரியில், எந்த ஊருக்குப் போகும் என்றும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.