இரண்டு இயங்குதளங்களும் ஒரு கடிகாரமும்

சென்ற ஆண்டு ஒரு மாணவி, வீட்டுக் கணினியில் தட்டச்சு செய்த கட்டுரையைப் பென் டிரைவில் கொண்டுவந்தாள். மாலை 6 மணிக்குள் முடித்திருக்க வேண்டும் என்பது விதி. கோப்பில் பதிவாகியிருந்த நேரமோ இரவு 9.30. "நான்கு மணிக்கே முடித்துவிட்டேன், ஐயா" என்றாள். நான் நம்பவில்லை, 2 மதிப்பெண்களைக் குறைத்தேன். இரு நேரங்களுக்கும் இடையே சரியாக ஐந்தரை மணி வேறுபாடு இருப்பதைப் பிறகே கவனித்தேன்.

கணினியின் தாய்ப்பலகையில் ஒரு சிறு கடிகாரம் உண்டு. அதனை வன்பொருள் கடிகாரம் என்பர். மின்சாரம் இல்லாதபோதும் நாணயம் போன்ற 3 வோல்ட் மின்கலம் அதனை ஓடச் செய்கிறது. நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகமே அதன் நாடித்துடிப்பு. ஆனால், தான் காட்டுவது எந்த ஊர் நேரம் என்பதை அது அறியாது.

விண்டோஸ் அக்கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை வைக்கும். லினக்ஸ் பொதுவாக உலகப் பொது நேரத்தை வைத்து, திரையில் காட்டும்போது ஐந்தரை மணியைக் கூட்டிக்கொள்ளும். சென்னையில் சி-டாக் உருவாக்கிய பாஸ் இயங்குதளமும் லினக்ஸ் வகையே. அம்மாணவியின் கணினியில் விண்டோஸும் பாஸும் இருந்தன. விண்டோஸ் அமைத்த கடிகாரம் மாலை 4 மணி என்றது. பாஸ் அதனை உலக நேரமென எண்ணி, மேலும் ஐந்தரை மணியைக் கூட்டிவிட்டது.

இந்திய நேரம் உலகப் பொது நேரத்தைவிட அவ்வளவு முந்தியது. அதனை அணுக்கடிகாரங்களால் காத்து வருவது நம் தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அதன் முதல் இயக்குநர் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் என்பதை நம் வகுப்பில் கூறாமல் விட மனம் வரவில்லை.

தன் கணினி தொடங்கவும் நெடுநேரம் ஆகிறது என்று அவள் கூறியிருந்தாள். அதற்கும் இதுவே காரணமாகலாம். லினக்ஸ், வட்டினைக் கடைசியாகப் பயன்படுத்திய நேரத்தை அவ்வட்டிலேயே குறித்து வைக்கும். பொய்யான 9.30 அங்குப் பதிவான பின், இணையம் வழியாக நேரம் திருந்தினால், அடுத்த தொடக்கத்தில் அக்குறிப்பு எதிர்காலத்தில் நிற்கும். பழைய பதிப்புகள் ஐயுற்று வட்டு முழுவதையும் சோதிக்கத் தொடங்கும். புதிய பதிப்புகள் ஒரு நாள் வரையிலான வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளும். மின்கலம் தீர்ந்து தேதியே பின்னோக்கிச் சென்றால் அவையும் சோதிக்கக்கூடும்.

இரு இயங்குதளங்களும் ஒரே வழக்கத்தைக் கைக்கொள்வதே தீர்வு. ஆண்டுக்கு இருமுறை நேரத்தை மாற்றும் நாடுகளில் உலக நேரமே நல்லது. நம் நாட்டில் அம்மாற்றம் இல்லை. எனவே, 'வன்பொருள் கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம்' என லினக்ஸிற்கு ஒரு கட்டளை இட்டாலே போதும். அவள் கணினியில் அவ்வாறே செய்தோம். குறைத்த 2 மதிப்பெண்களையும், வகுப்பின் முன்னிலையில் வருத்தம் தெரிவித்து, திரும்பச் சேர்த்தேன்.