நம் மலைப்பாதைகள்

(பத்தாம் வகுப்பு மாணவி)



டைகா என்னும் ஊசியிலைக் காடுகளைப் பற்றிப் பூகோளப் பாடத்தில் படித்திருக்கிறோம். மங்கோலிய நாட்டின் வடக்கே அத்தகைய காடுகள் சூழ்ந்த குவ்ஸ்குல் என்ற பேரேரி உள்ளது. சாலையில்லாத அக்கரையோரங்களில் மக்கள் இன்றும் குதிரை மீதே பிரயாணம் செய்கிறார்கள். இதைக் கேட்டு நாம் வியக்கிறோம். ஆனால் நம் தேனி மாவட்டத்திலும் குதிரையை நம்பி வாழும் ஊர்கள் உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

போடிநாயக்கனூருக்கு மேற்கே குரங்கணி இருக்கிறது. அங்கிருந்து சென்ட்ரல் ஸ்டேஷன் வழியாக டாப் ஸ்டேஷனுக்கு ஒரு மலைப்பாதை ஏறுகிறது. மலைமேல் ஸ்டேஷன் ஏது என்று கேட்கிறீர்களா? மூணாற்றுத் தேயிலை முற்காலத்தில் டாப் ஸ்டேஷன்வரை சிறு ரயிலில் வந்தது. பின்பு கம்பிவடத்தில் தொங்கியபடி கோட்டக்குடிக்கு இறங்கி, வண்டியேறிப் போடிக்கு வந்தது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அழித்துவிட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

சாலை எட்டாத மலைக்கிராமங்களுக்கு அரிசியும் பருப்பும் குதிரைமீதும் கோவேறு கழுதைமீதும் ஏறுகின்றன. காப்பியும் மிளகும் அவ்வாறே இறங்குகின்றன. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரங்களுக்கும் குதிரையே வாகனம்! ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறப்பது கோவேறு கழுதை. கழுதையின் நிதானமும் குதிரையின் வலிமையும் அதற்கு உண்டு. சுமையை இருபுறமும் சமமாகக் கட்டவேண்டும். ஒரு பக்கம் கனத்தால் குறுகிய பாதையில் அது கால் இடறிவிடும்.

நமக்கு உல்லாசமாகத் தோன்றும் இப்பாதை அம்மக்களுக்கு உயிர்ப்பாதை. நோயுற்றவர்களையும் பிரசவ வேதனைப்படும் தாய்மார்களையும் டோலி கட்டித் தூக்கி வரும் துயரம் இன்னும் முற்றிலும் நீங்கவில்லை.

மலை அழகானது, ஆனால் விளையாட்டுத் திடல் அன்று. 2018 மார்ச் 11ஆம் நாள் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில், மலையேற வந்தவர்களில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பலர் இளம் பெண்கள். இந்திய விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. அவ்வூர் மக்களும் இருளில் மலையேறிப் பலரை மீட்டனர்.

காட்டுத்தீ ஏன் அவ்வளவு கொடியது? சூடான காற்று மேலே எழும்பும். அது மேட்டிலுள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடும். ஆகவே சரிவில் தீ கீழ்நோக்கிப் போவதைவிட மேல்நோக்கி விரைந்து ஏறும். தீயைக் கண்டால் மேட்டை நோக்கி ஓடாமல், பக்கவாட்டில் விலகிப் புல்லில்லாத வெட்டவெளியை அடையவேண்டும் என்பது இதனால் விளங்கும்.

அவ்விபத்துக்குப் பின் மலையேற்றத்துக்கு அரசு புதிய விதிகளை வகுத்தது. வனத்துறையின் அனுமதி வேண்டும். வழிகாட்டி உடன் வரவேண்டும். கோடையின் வறட்சிக் காலத்தில் மலையேற்றம் நிறுத்தப்படுகிறது. இவற்றைத் தொல்லை என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். இழந்த உயிர்களை எண்ணினால் அவ்வாறு சொல்ல மனம் வருமா?

தோழியரே! நாம் உண்ணும் அரிசியும் குடிக்கும் நீரும் இம்மலைகளின் கொடை. மலையேறும் வாய்ப்புக் கிடைத்தால் அனுமதி பெற்றுச் செல்வோம். தீக்குச்சியையும் பிளாஸ்டிக் பையையும் வீட்டிலேயே விட்டுச் செல்வோம். எதிரே சுமையோடு குதிரை வந்தால் ஒதுங்கி நின்று வழிவிடுவோம். ஏனெனில் நாம் ஒருநாள் விருந்தாளிகள்; அது அவர்கள் வீட்டு வாசல்.