ஹெரால்டின் முதுகெலும்பு

கடலூரிலிருந்து சென்னைக்குப் பேருந்தில் போகிறவர்கள், வண்டலூர் உயிரியல் பூங்காவைத் தாண்டியதும் பெருங்களத்தூரில் எழும்பி நிற்கும் ஐ.டி. கட்டடங்களைப் பார்த்திருப்பார்கள். அந்த இடத்தில் முன்பு ஒரு கார்த் தொழிற்சாலை இருந்தது. பெயர் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. 1961 முதல் அங்கே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, அம்பாசிடரும் ஃபியட்டுமே பெரும்பாலும் ஓடிக்கொண்டிருந்த சாலைகளுக்கு மூன்றாவது முகமாக வந்தது. மஞ்சக்குப்பத்து வக்கீல் வீட்டு வாசலிலும் சிதம்பரத்து டாக்டர் வீட்டு வாசலிலும் பொருத்தமாக நிற்கக்கூடிய, 948 சிசி எஞ்சின் கொண்ட சாதுவான குடும்பக் கார். அதன் உடம்புக்கு அடியில் இருந்த எலும்புக்கூட்டிலிருந்துதான், ஐரோப்பாவில் பெயர் பெற்ற ஒரு திறந்த ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. இந்த விஷயம் ஹெரால்டை ஓட்டியவர்களில் பலருக்கே தெரியாது.

பழைய கார்ப் பிரியர்கள் காரின் முகத்தைப் பார்த்துத்தான் பெயர் சொல்வார்கள். பானெட்டின் மேல் விளக்குகள் பிதுங்கி நின்றால் அது 1958இல் வந்த ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட். தவளைக்கண் என்றே அதற்குப் பட்டப்பெயர். இந்த விளையாட்டு சுவாரசியமானதுதான். ஆனால் கிரில்லையும் பேட்ஜையும் யார் வேண்டுமானாலும் மாற்றிப் பொருத்தலாம். கூரையில்லாத காரை உள்ளபடி அடையாளம் காண என் கணக்கில் ஒரே கேள்வி போதும்: கூரை செய்திருக்க வேண்டிய வேலையை அந்தக் காரில் எது செய்கிறது?

கூரை என்பது மழைக்கும் வெயிலுக்கும் மட்டும் போட்டதல்ல. ஒரு முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது காரின் முன்பாதி அந்தப் பக்கம் சாயப் பார்க்கும். பின்பாதி நேராக நிற்கப் பார்க்கும். இடையில் உள்ள உடல் முறுக்கப்படும். ஒரு பிவிசி குழாயை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், அசையாது. அதையே ரம்பத்தால் நீளவாக்கில் ஒரே ஒரு கோடு அறுத்துவிட்டு முறுக்கினால் சொன்னபடி கேட்கும். பிளாஸ்டிக் குறையவில்லை, ரம்பம் தின்ற தூளைத் தவிர. மூடிய குழாயில் முறுக்கும் விசை சுவர் வழியாகச் சுற்றி ஓடி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்கிறது. அறுத்த குழாயிலோ அது வெட்டின் விளிம்பில் முட்டி, சுவரின் மெல்லிய தடிமனுக்குள்ளேயே திரும்பியாக வேண்டும். ஆரத்தைச் சுவரின் தடிமனால் வகுத்து, வர்க்கப்படுத்தி, மூன்றால் பெருக்கினால் எத்தனை மடங்கு நஷ்டம் என்று தெரிந்துவிடும். ஆரம் தடிமனைப்போல் 20 மடங்கு என்றால், அந்த ஒரு வெட்டில் குழாயின் விறைப்பு 1200இல் ஒரு பங்காகிவிடுகிறது!

கார் அவ்வளவு முழுமையான குழாய் இல்லை. கதவுக்கும் சன்னலுக்கும் ஏற்கெனவே வெட்டுப்பட்டதுதான். இருந்தாலும் தரை, பக்கம், கூரை மூன்றும் ஒரே பெட்டியாகச் சேர்ந்து உழைக்கும் காரில் கூரையை நீக்கினால் முன்கண்ணாடிச் சட்டம் நடுங்கும், கதவு முனகும். எடுத்த பலத்தை வேறு எங்காவது திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். சில கார்களில் எடுத்ததைவிடக் கொடுத்தது அதிகம். திறந்த ஃபோக்ஸ்வேகன் பீட்டில், கூரையுள்ள பீட்டிலைவிடக் கனமானது.

எங்கே கொடுக்கிறார்கள் என்பதில்தான் ஒவ்வொரு காரின் குணமும் வெளிப்படுகிறது. 1962இல் வந்த எம்ஜிபி, கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் ஓடும் 'சில்' என்ற பெட்டிக்குழலைப் பல அடுக்குத் தகடுகளால் கெட்டிப்படுத்திக்கொண்டது. அதே ஆண்டு வந்த லோட்டஸ் எலான் வேறு வழியில் போனது. அதற்கு முன் அந்த நிறுவனம் செய்த எலீட் முழுக்கக் கண்ணாடியிழையில் வார்த்த பெட்டி. கூரை இருந்ததால் பலமாக இருந்தது. திறந்த காருக்கு அது சரிப்படாது என்று தெரிந்ததும், எலானின் நடுவில் எஃகுத் தகட்டை மடித்து ஒரு முதுகெலும்பு வைத்தார்கள். முறுக்கை அது தாங்கிக்கொள்ளும். மேலே உள்ள உடல் வெறும் சட்டை. இந்தக் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது 1954ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் 300எஸ்எல். மெல்லிய குழாய்களை முக்கோண முக்கோணமாகப் பற்றவைத்த கூண்டு அது. விறைப்புக்காகப் பக்கங்களை உயர்த்தியதில் சாதாரணக் கதவு வைக்க இடம் போதவில்லை. கதவுகள் மேல்நோக்கித் திறந்ததற்கு அதுதான் காரணம். அலங்காரம் என்று உலகம் கொண்டாடியது ஒரு பொறியாளரின் இக்கட்டு! 1957இல் கூரையில்லாத வகை வந்தபோது கூண்டையே திருத்திப் பக்கங்களைத் தாழ்த்தினார்கள். கதவும் சாதாரணமாகிவிட்டது, எடையும் கூடிவிட்டது.

இனி ஹெரால்டுக்கு வருவோம். இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்ட் டிரையம்ப் நிறுவனம் 1959இல் அதை வெளியிட்டபோது, சேஸிஸும் உடலும் ஒன்றான பெட்டிக் கார்களுக்குப் பெரிய நிறுவனங்கள் மாறிக்கொண்டிருந்தன. ஹெரால்டு மட்டும் பழையபடி தனிச் சேஸிஸில் நின்றது. விரும்பிச் செய்ததல்ல அது. அவர்களுக்கு உடல் செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தைப் போட்டியாளரான பிஎம்சி 1953இல் வாங்கிவிட்டது. முழுப் பெட்டியையும் செய்து தர ஆள் இல்லாததால், துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் செய்து, சேஸிஸின் மேல் போல்ட் போட்டுப் பூட்டினார்கள். இத்தாலியின் டூரின் நகரத்து ஜொவான்னி மிக்கெலோட்டி அந்தத் துண்டுகளுக்கு அழகான வடிவம் கொடுத்தார். மூக்கோடு சேர்ந்து முழுதாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும் பானெட் நம் மெக்கானிக்குகளுக்கு வரப்பிரசாதம். டயர் மேல் உட்கார்ந்தே எஞ்சின் வேலை பார்க்கலாம்.

நெருக்கடியில் செய்த அந்த ஏற்பாடு இரண்டு வகையில் லாபமாயிற்று. பிரித்து அனுப்பி வேறு நாட்டில் பூட்டுவதற்கு அது வசதி. பெருங்களத்தூருக்கு அது வந்து சேர்ந்தது பொருத்தமான விஷயம். கூரையும் போல்ட்டில் நின்றதால் அதைக் கழற்றினாலும் கார் குலையவில்லை. நடுவில் ஓடும் இரண்டு பெட்டிச் சட்டங்கள் முறுக்கைப் பார்த்துக்கொண்டன. ஹெரால்டின் திறந்த வகை இங்கிலாந்தில் சீக்கிரமே வந்துவிட்டது. அங்கே சாதாரண ஹெரால்டின் கூரையைக் கழற்றிக் கேன்வாஸ் போட்டுக்கொண்டவர்களும் உண்டு. (இங்கே யாரும் ஸ்பேனரைத் தூக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இருக்கிறது.)

அடுத்து மிக்கெலோட்டி அந்தச் சேஸிஸில் எட்டரை அங்குலம் குறைத்து, பக்கச் சட்டங்களை நீக்கி, இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஒரு திறந்த காரை வரைந்தார். நிறுவனத்தில் பணம் இல்லை. மாதிரி வண்டி மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. 1961இல் நிறுவனத்தை லேலண்ட் வாங்கியது. நம் ஊர் அரசுப் பேருந்துகளில் அசோக்கோடு சேர்த்து நாம் படிக்கிற அதே லேலண்ட்தான். சொத்துகளைப் பார்வையிட வந்த புதிய முதலாளிகள் துணியை விலக்கிப் பார்த்து, செய்யுங்கள் என்றார்கள். 1962இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் வெளிவந்தது. 1980 வரை மூன்று லட்சத்துக்கும் மேல் தயாரானது. முன்னால் கவிழும் பானெட், பின்சக்கரங்களுக்குக் குறுக்கே கிடக்கும் பட்டை ஸ்பிரிங், இரண்டும் ஹெரால்டின் சொத்து.

எஞ்சின் விஷயத்தில் உறவு இன்னும் விசித்திரம். ஸ்டாண்டர்ட் நிறுவனம் போருக்குப் பின் வேன்கார்டு என்ற காருக்கு ஓர் எஞ்சின் செய்தது. சென்னையிலும் வேன்கார்டைப் பூட்டினார்கள். அந்த எஞ்சினில் சிலிண்டர்கள் தனித் தனிக் குழல்களாக, சுற்றிலும் தண்ணீரில் நிற்கும். குழலை மாற்றினால் எஞ்சினின் அளவே மாறும். அதே நிறுவனம் கோவென்ட்ரியில் செய்துகொடுத்த ஃபெர்குசன் டிராக்டரிலும் இதன் உடன்பிறப்பு உழுதது. 1953இல் டிரையம்ப் டிஆர்2 என்ற திறந்த ஸ்போர்ட்ஸ் காருக்கு, இரண்டு லிட்டர் பந்தயப் பிரிவுக்குள் அடங்கவேண்டி, 83 மில்லிமீட்டர் குழல் போட்டு 1991 சிசி ஆக்கினார்கள். டிராக்டரின் பங்காளி மணிக்கு 100 மைலைத் தாண்டியது. பெருங்களத்தூரின் கடைசிக் காரான ஸ்டாண்டர்ட் 2000, 1985இல் நவீன ரோவரின் உடலோடு வந்தபோது, உள்ளே இருந்தது அந்தப் பழைய வேன்கார்டு வம்சத்து 1991 சிசி எஞ்சின். கனமான உடலை இழுக்க அது திணறியது. சில ஆண்டுகளில் அந்தக் கார் நின்றது, ஆலையும் மூடியது. என்னைக் கேட்டால், அந்த எஞ்சினுக்கு டிஆர்2 போல ஒரு லேசான உடல் கிடைத்திருக்க வேண்டும்.

ஹெரால்டு அதற்கு முன்பே மாறிவிட்டது. 1960களின் பிற்பகுதியில் இந்தியாவுக்கென்றே நான்கு கதவு வைத்தார்கள். 1972இல் வந்த கெசல், தனித்தனியாக ஆடும் பின்சக்கர அமைப்பை விட்டுவிட்டு நேரான ஆக்ஸிலுக்குத் திரும்பியது. நம் பட்டறைகளுக்கு அந்தப் பழைய அமைப்பு பிடிபடவில்லை என்பார்கள். வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் வெளிப்பக்கப் பின்சக்கரம் உள்ளே மடியப் பார்க்கும் குணம் அதற்கு உண்டு. ஸ்பிட்ஃபயர்காரர்களும் இதை அறிவார்கள்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கடலூர் ஓ.டி. முதல் பரங்கிப்பேட்டை வரை காற்றில் உப்பு இருக்கிறது. உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துத் துருவை வேகமாக வளர்க்கும். எம்ஜிபி போன்ற பெட்டிக் காரில் 'சில்' துருப்பிடித்தால் ஆபத்து: நடுவில் ஜாக்கி போட்டுத் தூக்கும்போது கதவின் இடைவெளி மாறிவிடும். புதுப் பெயிண்ட் பளபளத்தாலும் இந்தச் சோதனையை ஏமாற்ற முடியாது. ஹெரால்டில் முதலில் போவது பக்கத்துக் கைச்சட்டங்கள்தான். அவற்றை டிங்கரிங் பட்டறையிலேயே வெட்டி மாற்றலாம். உங்கள் தெருவில் ஏதாவது ஷெட்டில் ஒரு ஹெரால்டு கிடந்தால், காயலான் கடைக்குத் தள்ளும் முன் படுத்து அடியைப் பாருங்கள். நடுவில் ஓடும் இரண்டு சட்டங்களும் தட்டினால் கணீரென்று ஒலித்தால் அந்த வண்டியை விற்காதீர்கள்.