உங்களுக்குத் தெரியுமா? புத்தர் தெய்வமா?

காஞ்சி மாநகரம் ஒருகாலத்தில் பௌத்த தர்மம் செழித்தோங்கிய வித்தியா ஸ்தானமாகும். 5ஆம் நூற்றாண்டில் ஜோதிபாலர் என்னும் தேரரோடு அங்கே வாசம் செய்த புத்தகோஷர், அவர் வேண்டுகோளுக்கு இணங்கி புத்தரின் உபதேசத் தொகுப்பாகிய அங்குத்தர நிகாயத்துக்கு ‘மனோரதபூரணி’ என்னும் பேருரையை இயற்றினார். அந்த நிகாயத்திலே, வழியில் பதிந்திருந்த பாதச்சுவட்டில் சக்கர ரேகையைக் கண்டு அதிசயித்த தோணர் என்னும் பிராமணர், மரத்தடியில் அமர்ந்திருந்த பகவானை அணுகி, தேவரோ, கந்தர்வரோ, யக்ஷரோ, மனிதரோ என்று வினவ, நான்கையும் மறுத்த அவர், தம்மைப் புத்தர் என்றே அறியுமாறு பணித்தார். இவ்வினாவுக்கு இதனினும் தெளிந்த விடை இல்லை என்பதே எம் துணிபு.

விஷ்ணுவின் அவதாரமே புத்தர் என்னும் கொள்கையை 1956இல் நாகபுரியில் பௌத்தம் தழுவியபோது அம்பேத்கர் பிரதிக்ஞை செய்தே நிராகரித்தார். ஆயினும், ஜனங்களின் பக்தியோ தன் வழியே சென்றது. சேலத்தில் ‘தலைவெட்டி முனியப்பன்’ என்று பூசிக்கப்பட்டு வந்த சிலையைத் தொல்லியல் துறையினர் பரிசோதித்தபோது, பத்மபீடமும் தியான முத்திரையும் சுருள் கேசமும் நீண்ட செவிகளும், துண்டுபட்ட சிரசைச் சிமெண்டால் ஒட்டிய தழும்பும் புலப்பட்டன. அது புத்தரே என்று 2022 ஜூலையில் தீர்ப்பளித்த சென்னை உயர்நீதிமன்றம், அவ்விடத்தைத் தரிசிக்க யாவரையும் அனுமதித்து, பூஜை முதலிய சடங்குகளை மாத்திரம் தடை செய்தது.